38 வயதில் முதல் ஆல்பம் போட்டால் என்ன குற்றம்?

நாம் கூடிப் பாட்டுக் கேட்கும் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்ததைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். எப்போதும் தொப்பியோடு மேடையேறும் அமெரிக்க ஜாஸ் பாடகர் கிரிகரி போர்ட்டரின் முதல் ஆல்பமான 'வாட்டரை'ப் போடச் சொன்னது நான்தான். முதல் பாட்டு 'இல்யூஷன்' முடிவதற்குள் நிறுத்தச் சொன்னவரின் பெயரை இங்கே இழுக்கமாட்டேன். ஆனால் அவர் சொன்ன இரண்டு விஷயங்களை என்னால் விட முடியவில்லை. "தொப்பிக்காரர் பாடுறது ஜாஸே கிடையாது, காபிக் கடைப் பாட்டு." அடுத்து, "நாற்பதை நெருங்கி முதல் ஆல்பம் போட்டவருக்கு எதுக்குங்க இவ்வளவு கொண்டாட்டம்?"

'வாட்டர்' முழுவதையும் கேட்டுவிட்டுப் பேசுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

ஜாஸ் கிடையாதாம். 2010இல் மோட்டீமா என்ற இசை நிறுவனம் வெளியிட்ட அந்த ஆல்பத்தில் ஜாஸ் சாக்ஸபோன் மேதை வெய்ன் ஷார்ட்டரின் 'பிளாக் நைல்' இருக்கிறது, ஷார்ட்டர் 1964இல் பதிவு செய்த மெட்டு. அறுபதுகளில் அதே ஷார்ட்டரோடு வாசித்த ஜேம்ஸ் ஸ்பால்டிங் இதில் சாக்ஸபோன் வாசிக்கிறார். ஜாஸ் பாடகர்கள் காலங்காலமாகப் பாடும் 'ஸ்கைலார்க்' இருக்கிறது, 'பட் பியூட்டிஃபுல்' இருக்கிறது. கடைசியில் 'ஃபீலிங் குட்', ஒரு வாத்தியமும் இல்லாமல் வெறும் குரல். கேட்டீர்களா? கேட்கவில்லை. ஒரு பாட்டுகூட முடியவில்லையே!

அமெரிக்கக் கறுப்பர்கள் பட்டதைச் சொல்லும் '1960 வாட்?' பாட்டு வரைக்குமாவது பொறுத்திருக்கலாம். டெட்ராய்ட் எரிகிறது. மெம்ஃபிஸில் விடுதி பால்கனியில் நின்ற மனிதர், மார்ட்டின் லூதர் கிங்தான், சுடப்படுகிறார். கடையிலிருந்து மிட்டாயோடு வெளியே வந்த பையனை, கையில் துப்பாக்கி என்று நினைத்துப் போலீஸ் சுட்டுவிடுகிறது. அந்தப் பாட்டை எந்தக் காபிக் கடையில் போடுகிறார்கள் என்று எனக்குச் சொல்லுங்கள், போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

"அது சோல் இசை, தேவாலயத்துக் குரல்" என்பீர்கள். ஆமாம், தேவாலயத்துக் குரல்தான். போர்ட்டரின் அம்மா கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் தேவாலய ஊழியம் செய்தவர், பிள்ளை அங்கே பாடி வளர்ந்தான். அதே வீட்டில் ஜாஸ் பாடகர் நாட் கிங் கோலின் இசைத்தட்டுகளும் அம்மா வைத்திருந்து சுழன்றன. இரண்டும் ஒரே தொண்டையில் வந்து சேர்ந்ததில் என்ன தப்பு? "மெட்டை விட்டு வெளியே போய்ப் பாடவில்லையே" என்று இன்னொருவர் கேட்பார். 1963இல் சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேனோடு பாடிய ஜானி ஹார்ட்மன் எவ்வளவு தூரம் வெளியே போனார்? அவரை ஜாஸ் பாடகர் இல்லை என்று சொல்வீர்களா?

பின்னாளில் போர்ட்டர் டிஸ்க்ளோஷர் என்ற இங்கிலாந்து இரட்டையரோடு நடன இசைக்குப் பாடினாரே என்றால், பாடினார். சில எனக்கும் ஒட்டவில்லை. அதை வைத்து முதல் ஆல்பத்தை அளக்காதீர்கள். தொப்பியைப் பற்றி ஒரே வார்த்தை: தோலில் அறுவை சிகிச்சை நடந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். அதற்கு மேல் நமக்கென்ன வேலை?

வயது விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்கக் கால்பந்து ஆட சான் டியேகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையோடு சேர்ந்தவர். தோளில் அடிபட்டு ஆட்டம் போயிற்று. பாடுவதை விட்டுவிடாதே என்று சொல்லிவிட்டு அம்மா புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார். இசைக்கலைஞர் கமாவ் கென்யாட்டா அரவணைத்து வழிகாட்டினார். புல்லாங்குழல் கலைஞர் ஹியூபர்ட் லாஸ் நாட் கிங் கோல் நினைவாக 1998இல் போட்ட ஆல்பத்தில் இவர் ஒரு பாட்டுப் பாடியிருக்கிறார். அதற்கும் 'வாட்டரு'க்கும் நடுவில் பன்னிரண்டு வருஷம். அந்த வருஷங்களில் இசை நாடக மேடை, நியூயார்க்கின் புரூக்ளினில் அண்ணன் கடையில் சமையல், அதே ஊர் ஹார்லெமில் செயின்ட் நிக்ஸ் பப்பில் பாட்டு. தூங்கிக்கொண்டா இருந்தார்? அந்தப் பன்னிரண்டு வருஷமும்தான் 'இல்யூஷன்' பாட்டில் கேட்கிறது. இருபத்திரண்டு வயதுக் குரலுக்கு அந்தக் கனம் வராது. முதல் ஆல்பத்துக்கே கிராமி பரிந்துரை. 2013இல் புகழ்பெற்ற ஜாஸ் நிறுவனமான புளூ நோட்டில் 'லிக்விட் ஸ்பிரிட்' ஆல்பம், அதற்கு கிராமி விருது.

விருதைச் சொல்லி வாதாட வேண்டியிருக்கிறதே என்று எனக்கே கஷ்டமாக இருக்கிறது. நல்ல குரல் என்பது போதாதா?

என் அண்ணன் பரோட்டா மாஸ்டர். கல்லு முன்னால் நின்று பாடினால் சாப்பிட வந்தவர்கள் கை கழுவாமல் உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள் நச்சரித்து ஒருநாள் ஒரு ஆர்கெஸ்ட்ராவில் குரல் தேர்வுக்கு அனுப்பினோம். இரண்டு வரி பாடியதும் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்கள். "முப்பத்தாறு ஆச்சா? இத்தனை நாள் எங்கப்பா இருந்தே?" சுருதி விலகியது என்று சொல்லியிருந்தால் அண்ணன் தாங்கியிருப்பார். பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை அவர்கள். வீட்டுக்கு வந்தவர் அதற்குப் பிறகு கல்லு முன்னாலும் பாடவில்லை.

"ஒரு அமெரிக்கப் பாடகருக்காக நமக்குள்ள எதுக்குப்பா சண்டை, விடு" என்று இன்பாக்ஸில் சொன்ன நண்பர்களுக்கு: விடமாட்டேன். 'வாட்டர்' பிடிக்கவில்லை என்றால் முழுசாகக் கேட்டுவிட்டு எந்த இடம் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், ராத்திரி முழுக்க உட்கார்ந்து பேசலாம். வயதைச் சொல்லி நிறுத்தினால் எனக்குக் கோபம் வரும். ஞாயிற்றுக்கிழமை எனக்கு வந்ததும் அந்தக் கோபம்தான்.