அந்த 0.22 எங்கே போச்சு?

டிடிஏ 2030 என்ற ஆடியோ ஆம்ப்ளிஃபயர் ஐசி வைக்கும் போர்டு வாங்கி வீட்டில் ஆம்ப் செய்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பலருக்கும் இதே கதைதான். பாட்டே போடவில்லை, வால்யூம் முழுக்கக் குறைத்திருக்கிறது, ஹீட் சிங்க் மட்டும் கை வைக்க முடியாமல் கொதிக்கிறது. கொஞ்ச நேரத்தில் சத்தம் விட்டு விட்டு வர ஆரம்பிக்கும். கடைக்குப் போனால் பதில் தயாராக இருக்கும்: "ஐசி போயிடுச்சு சார், மாத்திடுங்க." மாற்றினால் புதுசும் அதே மாதிரி கொதிக்கும். அப்புறம் "டூப்ளிகேட் ஐசியா இருக்கும்" என்பார்கள். போலி ஐசி சந்தையில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எல்லாப் பழியையும் அதன் தலையில் போட்டால் எப்படி?

போன வாரம் வாங்கிய போர்டைத் திருப்பிப் பார்த்தேன், வயிறு எரிந்தது. அவுட்புட் பக்கத்தில் ஒரு ரெசிஸ்டருக்கும் ஒரு கெப்பாசிட்டருக்கும் இடம் அச்சடித்திருக்கிறது. ஓட்டை இருக்கிறது, ஓட்டையைச் சுற்றி ஈயம்கூட இருக்கிறது. பொருள் மட்டும் இல்லை! 1 ஓம், 0.22 மைக்ரோ ஃபாரட். இரண்டும் சேர்ந்தே சில ரூபாய்தான். அதை மிச்சம் பிடித்திருக்கிறார்கள்.

அது அலங்காரத்துக்கு வைக்கிற பொருள் இல்லை ஐயா. அதிர்வெண் ஏற ஏற ஸ்பீக்கர் காயிலின் இம்பீடன்ஸும், அதாவது ஏசிக்கு அது காட்டும் தடையும், ஏறிக்கொண்டே போகும். காதுக்கு எட்டாத உயரத்தில் ஆம்புக்கு லோடே இல்லாத மாதிரி ஆகிவிடும். அந்த இடத்தில் பிடித்து நிறுத்தத்தான் இந்த ஜோடி. ஐசி தயாரிப்பாளர் தரும் டேட்டா ஷீட்டில் ஒவ்வொரு உதிரியின் மதிப்பும் அட்டவணையாக இருக்கிறது. இந்தக் கெப்பாசிட்டரைக் குறைத்தால் ஆசிலேஷன் ஆபத்து என்று பச்சையாகப் போட்டிருக்கிறார்கள். ஆசிலேஷன் என்றால், பாட்டே இல்லாதபோதும் ஆம்ப் தானாகவே காதுக்குக் கேட்காத வேகத்தில் அலையடித்துக் கொதிப்பது. சப்ளையில் போடும் 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டருக்கும் அதே எச்சரிக்கைதான்.

அந்த 0.1, கடையில் 104 என்று கேட்டால் தருவார்களே, அது ஐசியின் 3, 5 கால்களை ஒட்டியே இருக்க வேண்டும். பவர் சப்ளையில் பெரிய கெப்பாசிட்டர் இருக்கிறதே என்று வாதாடாதீர்கள். நடுவில் ஓடும் ஒயரின் இண்டக்டன்ஸ் அதைப் பயனில்லாமல் ஆக்கிவிடும்.

ஆசிலேஷனுக்கு வழிவிடும் இன்னொரு கொடுமை, இரைச்சலைக் குறைக்கிறேன் என்று, கெயினை (சிக்னலை எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பதை) தீர்மானிக்கும் 680 ஓம் ரெசிஸ்டருக்குப் பதில் 2.2 கே போட்டுச் சுற்றுக்கு விடப்படும் வரைபடங்கள். 22 கே ஃபீட்பேக் ரெசிஸ்டரோடு கெயின் 11 மடங்காகிறது, அதாவது 21 டெசிபல்கூட இல்லை. 24 டெசிபலுக்கு மேல் இருக்க வேண்டும் என்று அதே டேட்டா ஷீட் அட்டவணைக்குக் கீழேயே எழுதியிருக்கிறது. வரைந்தவர் படிக்கவில்லை, பகிர்ந்தவரும் படிக்கவில்லை. காசு போவது புதுசாகக் கற்றுக்கொள்ள வந்த பிள்ளைக்கு. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்தப் பிள்ளையிடம் அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் இருக்காது. சாதாரண மல்டிமீட்டரின் ஏசி ரேஞ்ச் அத்தனை வேகமான அலையை ஒழுங்காகக் காட்டாது. தனக்குத்தான் கை வரவில்லை என்று நினைத்து அதோடு விட்டுவிடும்.

ஸ்கோப் இல்லாதவர்கள் இன்புட்டை கிரவுண்டோடு ஷார்ட் செய்து, ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, சப்ளை ஒயரில் மீட்டரைத் தொடராக வைத்துப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 40 மில்லி ஆம்பியர் சுற்றி இழுக்கலாம், 60 வரை சரி. நூறைத் தாண்டி எகிறினால் முதல் சந்தேகம் ஆசிலேஷன் மேல்தான். இன்புட் ஒயர் ஸ்பீக்கர் ஒயரோடு ஒட்டி ஓடுகிறதா என்றும் பாருங்கள், ஓடினால் பிரித்துவிடுங்கள்.

போர்டு அடித்து விற்கிறவர்களே, பத்து ரூபாய் கூட வாங்கிக்கொள்ளுங்கள், யாரும் கேட்கப் போவதில்லை. அச்சடித்த இடத்தில் பொருளை வைத்து விற்றுத் தொலையுங்கள்.

போயிடுச்சு என்று சொல்லிக் கழற்றிய ஐசிகளைக் குப்பையில் போடாதீர்கள். சூடு எல்லை மீறினால் தானாக அடங்கிக்கொள்ளும் பாதுகாப்பு உள்ளேயே இருக்கிறது, நிறைய உயிரோடுதான் இருக்கும். 1 ஓமும் 0.22-உம் வைத்துவிட்டு அதையே மறுபடி மாட்டிப் பாருங்கள்.