தண்ணீர் பாட்டில் ஏன் நிரம்பியே இருந்தது?

நான் படித்தது கணக்கியல். விடுப்பில் போன ஒருவருக்குப் பதிலாக மூன்று மாதம் பில் சரிபார்க்கத்தான் ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் சேர்ந்தேன். பதினொரு ஆண்டுகள் ஆகிவிட்டன.

முதல் மாதமே ஒரு பில் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டது. சரக்கு தாமதமாகச் சேர்ந்ததாகப் பணத்தைக் குறைத்திருந்தார்கள். ஏன் தாமதம் என்று தேடினால், சரக்கு ஏற்றும் இடத்திலேயே லாரி நான்கு மணி நேரம் நின்றிருக்கிறது. அதற்குள் ஓட்டுநரின் வேலை நேரம் கரைந்துபோய், நடுவழியில் வண்டியை நிறுத்தி ஓய்வெடுக்க வேண்டியதாகிவிட்டது. எந்த வண்டியை எப்போது கிளப்புவது, திரும்பும்போது காலியாக வராமல் எந்தச் சரக்கைப் பிடிப்பது என்ற இந்தக் கணக்கில் உயிர் இருந்தது. மூன்று மாதம் முடிந்ததும் வண்டி அனுப்பும் பிரிவில் இடம் கேட்டு வாங்கினேன்.

சில ஆண்டுகள் கழித்து எங்களிடம் முதல் பெண் ஓட்டுநர் சேர்ந்தார். ஒன்பது மணி நேரப் பயணம் முடித்து அவர் இறங்கியபோது இருக்கைக்குப் பக்கத்தில் தண்ணீர் பாட்டிலைப் பார்த்தேன். மூடியே திறக்கவில்லை. "தண்ணீர் குடிக்கவே இல்லையா அக்கா?" என்றேன். "குடித்தால் எங்கே இறங்குவது?" என்று கேட்டார்.

அந்தப் பயண அட்டவணையைத் தயாரித்தவள் நான். டீசல் போடும் இடம், சுங்கச்சாவடி, எடைமேடை எல்லாம் அதில் இருந்தன. கழிப்பறை இல்லை. நானும் ஒரு பெண். எனக்கே தோன்றவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

'பெண்களுக்கு இந்த வேலை ஒத்துவராது' என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தப் பாட்டில்தான் நினைவுக்கு வரும். கனமான ஸ்டீயரிங்கைத் திருப்ப முடியாது என்ற வாதம் பவர் ஸ்டீயரிங் வந்ததோடு முடிந்துவிட்டது. மாஸ்கோ மெட்ரோவில் பல பத்தாண்டுகளாகப் பெண்களை ரயில் ஓட்ட விடவில்லை. 2021 ஜனவரியில் அனுமதித்தார்கள், ஓட்டுகிறார்கள். வேலையை விட்டுப் போன பெண்களிடம் நான் பேசியிருக்கிறேன். ஓட்ட முடியவில்லை என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. வெளிச்சமில்லாத லாரி நிறுத்துமிடம், தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறை, புகார் சொன்னால் "அனுசரித்துப் போங்கள்" என்ற பதில், இவைதாம் காரணங்கள்.

கையுறையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே அளவில் மொத்தமாக வாங்கிக் குவிப்பார்கள். விரல் நுனியில் ஓர் அங்குலம் தொங்கும் கையுறையோடு கயிற்றை இறுக்கிப் பாருங்கள், எவ்வளவு ஆபத்து என்று தெரியும். கப்பல் துறையில் இதற்கு ஒரு சர்வதேச விதியே தேவைப்பட்டது. கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் 2022-ல் கொண்டுவந்த திருத்தம், பாதுகாப்புக் கவசங்கள் அணிபவரின் அளவுக்குப் பொருந்த வேண்டும் என்கிறது. பெண்களைத் தனியாகக் குறிப்பிடுகிறது. 2024 டிசம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. உலகக் கப்பல் பணியாளர்களில் பெண்கள் 1.28 சதவீதம் என்று 2021-ல் கணக்கிட்டிருந்தார்கள். அந்தச் சிலருக்குக்கூட அளவான கையுறை கிடைக்க இவ்வளவு காலம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்கறையின் பெயரால் பெண் ஓட்டுநருக்கு எப்போதும் குறுகிய தூரமே கொடுப்பார்கள். ஓடும் தூரத்துக்கு ஏற்பச் சம்பளம் தரும் இடத்தில் அது அவருடைய வருமானத்தில் கைவைப்பது. அனுபவமும் சேராது, பிறகு "நெடுந்தூரம் ஓட்டிய அனுபவம் இல்லையே" என்று அதையே காரணமாகக் காட்டுவார்கள். பாதுகாப்பு வேண்டுமென்றால் நிறுத்துமிடத்துக்கு விளக்குப் போடுங்கள். எந்தப் பயணம் வேண்டும் என்பதை அவரிடமே கேளுங்கள். மார்ச் 8 அன்று பூங்கொத்தோடு எடுக்கும் படம் எனக்கு வேண்டாம். மார்ச் 9 அன்று யாருக்கு எந்த வண்டி என்ற பட்டியலைக் காட்டுங்கள்.

இப்போது எங்கள் அட்டவணையில் கழிப்பறைக்கு ஒரு பத்தி இருக்கிறது. ஓட்டுநர்களே விவரம் சொல்லி நிரப்புகிறார்கள், ஆண்களும்தான். அவர்களுக்கும் அது தேவைப்பட்டிருக்கிறது, கேட்கத்தான் இல்லை. இரவு நிறுத்துமிடங்களின் பட்டியல் இன்னும் பாதிதான் முடிந்திருக்கிறது.

வேறு ஏதோ படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருக்கும் தங்கைகளே, இந்தத் துறையில் ஓட்டுநர் இருக்கை மட்டுமல்ல, வண்டி அனுப்பும் மேசை, பணிமனை, கிடங்கு, துறைமுகம் என்று இடங்கள் பல இருக்கின்றன. சந்தேகம் இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். இரவுப் பணி முடிந்ததும் பதில் எழுதுகிறேன்.