சிறந்த பேட்டர் நான்காவதாகத்தான் இறங்க வேண்டுமா?

"பேஸ்பாலில் வேகமாக ஓடுபவர் முதலில், அணியின் மிகச் சிறந்த பேட்டர் நான்காவதாக. இதுதான் சரியான வரிசை" என்று ஒரு தகவல் பகிரப்படுகிறது. இது பழைய வழக்கம், விதி அல்ல.

வரிசையில் ஓரிடம் கீழே போனால், 162 ஆட்டங்கள் கொண்ட மேஜர் லீக் (அமெரிக்காவின் உயர்மட்ட பேஸ்பால் லீக்) சீசனில் சுமார் 18 பேட்டிங் வாய்ப்புகள் குறையும். முதலிடத்துக்கும் நான்காம் இடத்துக்கும் வித்தியாசம் ஏறத்தாழ 54. சிறந்தவர் இத்தனை வாய்ப்புகளை ஏன் இழக்க வேண்டும்? நான்காமவர் வரும்போது பேஸ்களில் (பேட்டர்கள் ஓடி அடையும் தளங்களில்) அவர் அணி ஆட்கள் இருப்பார்கள் என்பது பாதி உண்மைதான். முதல் மூவரும் அவுட்டானால் முதல் இன்னிங்ஸ் முடிந்துவிடும், அவர் இரண்டாவது இன்னிங்ஸை காலி பேஸ்களோடு தொடங்குவார்.

முதலில் வருபவர் பேஸை அடைய வேண்டும், அதுதான் முக்கியம், வேகம் அப்புறம்தான். 2023இல் பிலடெல்பியாவின் கைல் ஷ்வார்பர் பெரும்பாலும் முதலில் இறங்கினார். பேட்டிங் சராசரி வெறும் .197. ஆனால் நிறைய வாக் (நான்கு தவறான பந்துகளுக்குக் கிடைக்கும் இலவச முதல் பேஸ்) வாங்கியதால் பேஸை அடைந்த விகிதம் .343, ஹோம் ரன்கள் 47. நியூயார்க் யாங்கீஸ் அணியின் ஆரோன் ஜட்ஜ் 2022இல் தன் 62ஆவது ஹோம் ரன்னை அடித்ததும் முதல் பேட்டராக இறங்கித்தான்.

அந்தக் காலத்து நட்சத்திர பேட்டர் பேப் ரூத்? 1929இல் யாங்கீஸ் சட்டை எண் கொடுத்தபோது அவருக்குக் கிடைத்தது 3, காரணம் அவர் மூன்றாவதாக ஆடினார். எண் 4 நான்காவதாக ஆடிய லூ கெரிக்குக்கு.