மச்சிஸ்மோ யாரோட ரத்தத்துலயும் இல்ல

மெக்சிகோ அதிபர் கிளாடியா ஷைன்பாம் மேல நடுரோட்டுல ஒருத்தன் கைய வச்ச வீடியோ எல்லாரும் பாத்திருப்பீங்க. அதுக்குக் கீழ, மச்சிஸ்மோங்கற ஆம்பளைத் திமிர பத்தி நம்மாளுங்க போட்ட கமெண்ட்டுதான் மனச அறுக்குது. "மச்சிஸ்மோங்கற வார்த்தையே அந்த ஊருதானே, அவனுங்க ரத்தத்துலயே இருக்கு." அதுக்கு அவ்ளோ லைக்கு!

ரத்தத்துல எல்லாம் இல்லங்க. மச்சிஸ்மோ வந்தது மாச்சோங்கற வார்த்தையில இருந்து, மாச்சோன்னா ஸ்பானிஷ்ல ஆண், அவ்ளோதான். கடுவன் பூனையும் மாச்சோ, சாக்கெட்ல சொருகற பிளக்கும் மாச்சோ. டெக்சாஸ் பல்கலைக்கழகத்துல இருந்த அமெரிக்கோ பாரெடெஸ், அமெரிக்கா-மெக்சிகோ எல்லைப்புற நாட்டுப்பாட்டெல்லாம் சேத்தவரு, 1967ல ஒரு கட்டுரை எழுதினாரு. கொரிடோன்னு சொல்ற பழைய மெக்சிகோ கதைப்பாட்டுகள்ல வீரன் இருக்கான், ஆம்பளை இருக்கான், ஆனா இந்த மாச்சோ பெருமை 1940களுக்கு முன்னாடி பெருசா கண்ணுல படலங்கறாரு. அப்ப மெக்சிகோ அதிபர் ஆவிலா கமாச்சோ, அவர் பேருக்கு மாச்சோ நல்லா இயைபா விழுந்துச்சு. துப்பாக்கியும் சவடாலுமா திரியற ஆம்பளை அமெரிக்காவுலயும் இருந்தான்னும் சொல்றாரு. அவனுக்கு மட்டும் ஹீரோன்னு பேரு!

பேரு ஸ்பானிஷ்ல இருக்குங்கறதால குணம் அந்த ஊருக்கு மட்டும் சொந்தமாகிடாது. எத்தன தடவ சொல்றது?

"அப்ப அங்க பொம்பளைங்க சாகலையா"ன்னு வருவீங்க. சாகறாங்க. பெண்ங்கறதுக்காகவே கொல்றத தனிக் குற்றமா 2012ல அவங்க கூட்டாட்சி தண்டனைச் சட்டத்துல சேத்தாங்க, 2020 மார்ச் 9 அன்னைக்கு லட்சக்கணக்கான பொம்பளைங்க வேலைக்கே போகாம ஸ்ட்ரைக் பண்ணாங்க, மச்சிஸ்மோன்னு பேர் சொல்லித் திட்டிச் சண்ட போடறதும் அவங்கதான். மெக்சிகோ சிட்டியில சாண்டோ டொமிங்கோங்கற பகுதியில தங்கி ஆய்வு பண்ண மானிடவியலாளர் மேத்யூ கட்மேன், புள்ளைய தூக்கி வளக்கற அப்பாக்கள பத்தியும் எழுதியிருக்காரு. பொண்டாட்டி பேச்சக் கேக்கறவனுக்கு அங்க மந்திலோன்னு கிண்டல் பேரு, மந்தில்னா ஏப்ரன். இங்க பொண்டாட்டிதாசன். வித்தியாசம் சொல்லுங்க பாப்போம்.

"எல்லாத்துலயும் பெண்ணியமா"ன்னு கேக்கறவருக்கு நான் பதில் சொல்லப் போறதில்ல.

எனக்கே இப்படின்னா மத்த பொம்பளைங்களுக்கு என்ன கதின்னு ஷைன்பாம் அம்மா கேட்டாங்கல்ல, அதுல இருந்து எனக்கு காலேஜ் போன டவுன் பஸ்தான் ஞாபகம். பின்னாடி நின்னவன் இடுப்புல கைய வச்சான், கத்தினேன், கண்டக்டர் வாயில இருந்த விசில எடுக்காமலே என்னய முன்னாடி போகச் சொல்லி கை காட்டினாரு, அவன ஒரு வார்த்த கேக்கல. வீட்டுக்கு வந்தா அண்ணன் "நீ ஏன் அந்த பஸ்ல ஏறுன"ங்கறான். அவன் எந்த ஊர்ல ஸ்பானிஷ் படிச்சான்? மறுநாள்ல இருந்து நான்தான் அரைமணி நேரம் முன்னாடி கிளம்பி வேற பஸ் புடிச்சேன், கை வச்சவன் அதே பஸ்லதான் போயிட்டிருந்தான். இதுக்கு என்ன பேரு வைக்கறீங்கன்னு கீழ சொல்லுங்க.