டபுள் பீன்ஸ் வயலில் எழுந்த மால்

தெற்குக் கலிஃபோர்னியாவின் கோஸ்டா மெசாவில் இருக்கும் சவுத் கோஸ்ட் பிளாசாவைப் பற்றி யார் பேசினாலும் கூச்சி, ஷனேல், எர்மெஸ் என்று ஆடம்பரக் கடைப் பெயர்களையே அடுக்குகிறார்கள். அந்த மால் வளர்ந்ததற்கு அவையா காரணம்? வளர்ந்த பிறகு வந்து சேர்ந்தவை அவை. என்னைக் கேட்டால் காரணம் நிலம்தான். அதுவும் கைமாறாத நிலம்.

ஸ்வீடனிலிருந்து குடியேறிய செகர்ஸ்ட்ரோம் குடும்பம் 1898-இல், கோஸ்டா மெசா அடங்கிய ஆரஞ்சு கவுண்டி மாவட்டத்துக்கு வந்து, குத்தகை நிலத்தில் விவசாயத்தைத் தொடங்கியது. காலப்போக்கில் லிமா பீன்ஸ் அவர்களுடைய முக்கியப் பயிரானது. சென்னையில் டபுள் பீன்ஸ் என்று கேட்டு வாங்குகிறோமே, அதுதான். இரண்டாம் உலகப் போரில் காயம்பட்டுத் திரும்பிய ஹென்றி செகர்ஸ்ட்ரோம், வயலை ஒட்டி சான் டியேகோ நெடுஞ்சாலை வரப்போவதைப் பார்த்துக் கணக்குப் போட்டார். வேறு யாராக இருந்தாலும் நல்ல விலைக்கு விற்றுவிட்டுக் கடலோரத்தில் வீடு வாங்கியிருப்பார்கள். இவர்கள் விற்கவில்லை. 1967-இல் அங்கே மாலைத் திறந்தார்கள்.

அப்போது ஆடம்பரம் எதுவும் இல்லை. ஒரு முனையில் சியர்ஸ், மறுமுனையில் மே கம்பெனி என்று இரண்டு பல்பொருள் அங்காடிகள். துணி துவைக்கும் இயந்திரம் வாங்க வந்த நடுத்தரக் குடும்பங்களின் மால் அது. 1978-இல் உயர்தரப் பல்பொருள் அங்காடியான நார்ட்ஸ்ட்ரோம் தன் முதல் கலிஃபோர்னியக் கடையை இங்கே திறந்தது. மறு ஆண்டே சாக்ஸ் ஃபிஃப்த் அவென்யூ. அதன்பின் ஆடம்பரக் கடைகள் வந்து சேர்ந்தது ஊரறிந்தது. இன்று சுமார் 250 கடைகள். இன்றும் அதே குடும்பத்தின் சொத்து. காலாண்டு லாபம் எங்கே என்று கேட்கப் பங்குதாரர் கூட்டம் கிடையாது. சரியான கடைக்காரர் வரும்வரை காத்திருக்க முடிந்தது. அதே கவுண்டியில் 1973-இல் தொடங்கிய லகுனா ஹில்ஸ் மாலை இடித்தாயிற்று. அதே 1967-இல் பக்கத்து நியூபோர்ட் பீச்சில் இர்வைன் கம்பெனி திறந்த ஃபேஷன் ஐலண்ட் இன்னும் செழிப்பாக நடக்கிறது. அதுவும் பரம்பரைப் பண்ணை நிலத்தில் எழுந்ததுதான்!

நாடக அரங்குக்கும் இசை அரங்குக்கும் குடும்பம் நிலத்தைத் தானமாகக் கொடுத்தது என்று மெச்சுகிறார்கள். மெச்சட்டும். கச்சேரிக்கு வருகிறவர் இரவு உணவை எங்கே சாப்பிடுவார் என்பதும் கொடுத்தவருக்குத் தெரியாதா என்ன! அது நல்ல வியாபாரம். அதில் எனக்குக் குறையும் இல்லை.

ஆனால் ஒன்றை மட்டும் வியாபாரக் கணக்கில் சேர்க்க மனம் வரவில்லை. மாலுக்குச் சற்றுத் தள்ளி, கண்ணாடி அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே, சிற்பி இசாமு நோகுச்சி 1982-இல் அமைத்துக் கொடுத்த கல் தோட்டம். அதில் துருநிறக் கருங்கற்கள் பதினைந்து, இடுக்கு தெரியாமல் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி நிற்கின்றன. கிட்டப் போய் விரலால் தடவினால்தான் இணைப்பே பிடிபடும். அந்தக் கல் அடுக்குக்கு அவர் இட்ட பெயர் 'லிமா பீன்ஸின் ஆன்மா'. பணக்காரர் தன் பூர்வீகத்தை மறைக்கிற ஊரில், இவர்கள் அதைக் கல்லில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

என் புகார் வேறு. மாலை வடிவமைத்தது கட்டடக் கலைஞர் விக்டர் க்ரூயெனின் நிறுவனம். வியன்னாவிலிருந்து நாஜிகளுக்குத் தப்பி வந்த க்ரூயென், காரில்லாமல் மக்கள் நடந்து கூடும் நகர மையமாகத்தான் மாலைக் கற்பனை செய்தார். கடைசிக் காலத்தில், அமெரிக்க மால்களுக்குத் தான் பொறுப்பில்லை என்று கையை உதறிவிட்டார். இங்கேயும் பேர் ஸ்ட்ரீட்டுக்கு அந்தப் பக்கம் 1986-இல் கட்டிய பகுதிக்கு நடந்து போக மேம்பாலம் வந்தது 2000-இல்தான். பதினான்கு ஆண்டுகள், ஒரு தெருவைக் கடக்க!