பகியோ பொறக்குறதுக்கு முன்னாடி அங்க கஃபாக்வேன்னு ஒரு ஊர் இருந்துச்சு

பிலிப்பைன்ஸ் டூர் போயிட்டு வந்தவங்க போடுற பகியோ போட்டோ பாத்திருப்பீங்க, பைன் மரம், பனி, பர்ன்ஹாம் பார்க் ஏரியில படகுன்னு. கூடவே ஒரு கதையும் வரும், அமெரிக்காக்காரன் காட்டைத் திருத்திக் கட்டின ஊருன்னு. டேனியல் பர்ன்ஹாம்ங்கற ஆர்க்கிடெக்ட் 1905ல பிளான் போட்டாரு, 1909ல சிட்டி ஆச்சு, அதெல்லாம் சரிதான். ஆனா அது ஆளில்லாத காடு இல்லங்க. அந்த மலையோட பூர்வகுடிகளான இபாலோய் மக்களோட மேய்ச்சல் நிலம். அவங்க வச்ச பேரு கஃபாக்வே.

மத்தேயோ கரின்யோன்னு ஒரு இபாலோய் பெரியவர், மாட்டு மந்தை வச்சிருந்தவர். அவரோட தாத்தா அங்க குடியிருந்து மாட்டுக்கு வேலி போட்டிருக்காரு, அப்பா கொஞ்சம் பயிர் வச்சு மிச்சத்துல மாடு மேய்ச்சிருக்காரு, அப்புறம் இவரு. மூணு தலைமுறை. ஸ்பெயின் ஆட்சியில எழுதிக் கேட்டும் பட்டா வரல. அமெரிக்கா வந்ததும், பட்டா இல்லேல்ல, அப்போ இது அரசாங்க நிலம்னுட்டாங்க. அந்த நிலத்துல 1903ல ராணுவத்துக்கு கேம்ப் ஜான் ஹே வந்துச்சு. 1906ல ஊர்ல மனை மனையா ஏலம் விட்டாங்க, மாடு மேஞ்ச எடத்துல பங்களா எழும்ப ஆரம்பிச்சுது.

கரின்யோ விடல. 146 ஹெக்டேருக்காக கேஸ் போட்டு, அது மணிலாவுல தோத்து, அங்கருந்து அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. 1909 பிப்ரவரி 23, நீதிபதி ஹோம்ஸ் தீர்ப்பு சொன்னாரு: நினைவு எட்டுற காலத்துலேருந்து ஒருத்தர் சொந்தமா வச்சு ஆண்ட நிலம், ஸ்பெயின்காரன் வர்றதுக்கு முன்னாடிலேருந்தே அப்படித்தான் இருந்துச்சுன்னு எடுத்துக்கணும், அது எப்பவுமே அரசு நிலமா இருந்ததில்ல. ஜெயிச்சாச்சு! ஆனா கேக்குறதுக்கு அவர் இல்ல, 1908லயே இறந்துட்டாரு. நிலமும் குடும்பத்துக்குத் திரும்பி வரல. 1991ல அமெரிக்கா கேம்பைக் காலி பண்ணிட்டுப் போனப்பவும் வரல, இப்போ அங்க ஹோட்டலும் கோல்ஃப் மைதானமும் இருக்கு.

எனக்கு வயிறு எரியறது இதுக்கப்புறம் நடந்ததுக்குத்தான். பூர்வகுடிகளோட நில உரிமைக்கு அந்தத் தீர்ப்பைத்தான் ஆதாரமாக் காட்டுவாங்க, 1997ல பிலிப்பைன்ஸ் கொண்டுவந்த பூர்வகுடி உரிமைச் சட்டத்துக்கும் வேர் அதுலதான் இருக்கு, ஆனா அதே சட்டத்துல 78வது பிரிவுன்னு ஒண்ணு வச்சு பகியோவுக்கு மட்டும் விலக்கு குடுத்துட்டாங்க, அந்த சிட்டி அதோட பழைய சார்ட்டர்படியே, அதாவது சிட்டியை உருவாக்கின சட்டத்தின்படியே நடக்கட்டும்னு. எந்த மண்ணுக்காகப் போராடி அந்த உரிமை வந்துச்சோ அந்த மண்ணுலயே அது முழுசா செல்லாதுன்னா என்னங்க நியாயம்? நகரம் வளந்துருச்சு இனி என்ன பண்றதுன்னு கேக்குறவங்க இருக்காங்க. சுமார் 25,000 பேருக்குன்னு போட்ட பிளான்ல 2020 கணக்குப்படி 3,66,358 பேர் இருக்காங்க, அத்தனை பேரையும் எழுப்பி அனுப்பச் சொல்லி யாரும் கேக்கல. ராணுவத்துக்குன்னு எடுத்த எடத்துல கோல்ஃபுக்கு வழி இருந்துச்சுன்னா, வேலி போட்டு ஆண்ட குடும்பத்துக்கு ஏன் இல்லங்கறதுதான் என் கேள்வி.

இப்போ வருஷா வருஷம் பிப்ரவரி 23 அங்க இபாலோய் நாள். சொலிபாவ் மேளம், கங்சா தட்டு அடிச்சு தயாவ்ங்கற அவங்க நடனம் ஆடுறாங்க. அதுக்குன்னு ஒரு தோட்டமும் ஒதுக்கியிருக்காங்க, பர்ன்ஹாம் பார்க்குக்கு உள்ள, ஒரு மூலையில.