எழுத்து வரும்வரை அறிவு காத்திருக்க வேண்டுமா?

போன மாதம் மகளின் அறிவியல் தேர்வுத்தாள் கையெழுத்துக்கு வந்தது. இருபதுக்கு மூன்று. 'பூமி ஒரு கோள்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'பூமி ஒரு கேள்' என்று எழுதியிருந்தாள். அதைச் சிவப்பு மையில் சுழித்து, பக்கத்தில் 'கவனமின்மை' என்று குறித்திருந்தார்கள்.

அதற்கு முந்தின வாரம்தான், பகலில் ஏன் நிலா தெரிகிறது என்ற கேள்வி அவளைப் பிடித்துக்கொண்டது. கரண்ட் போன நேரத்தில் டார்ச்சை ஜன்னலில் சூரியனாக வைத்தாள். எலுமிச்சம்பழத்தைக் கையில் நீட்டிப் பிடித்து மெல்லச் சுற்றினாள். "அம்மா, பாதி நிலா அன்னிக்கு அது சூரியனுக்குப் பக்கவாட்டுல இருக்கு. அதான் மத்தியானமே வந்துடுது" என்றாள். நாலாம் வகுப்பு. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

இந்த இரண்டு பேரும் ஒரே குழந்தைதான் என்று பள்ளிக்குப் புரியவைக்க ஒரு வருடமாக அலைகிறேன். அவளுக்கு டிஸ்லெக்சியா, அதாவது அறிவு நன்றாக இருந்தும் எழுத்தைப் படிப்பதும் எழுதுவதும் சிரமமாகிற கற்றல் குறைபாடு.

'கோ' என்ற எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வாய் முதலில் 'க்' என்கிறது, அப்புறம் 'ஓ'. கை முதலில் இரட்டைக் கொம்பு போடுகிறது, நடுவில் க, கடைசியில் துணைக்கால். சொல்லும் வரிசை வேறு, எழுதும் வரிசை வேறு. நமக்கு அது ஒன்றாம் வகுப்பிலேயே கைக்குப் பழகிவிட்டது. டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு ஒவ்வொரு முறையும் அது புது வேலை. கால் விட்டுப்போனால் கோள் கேளாகிவிடும். இருக்கிற கவனத்தையெல்லாம் அந்த ஒரு எழுத்தில் கொட்டுகிறவளைப் பார்த்துக் 'கவனமின்மை' என்று எழுதினால் எப்படி வலிக்கும்!

இது புதிய விஷயமும் இல்லை. 1896-இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதினார். தன் பெயரான பெர்சியையே எழுத்து மாற்றி எழுதினான் அவன். ஆனால் 749-ஐ 867-ஆல் பெருக்கச் சொன்னால் சட்டென்று சரியாகப் பெருக்கினான். பாடம் முழுக்க வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்றாராம் அவனுடைய ஆசிரியர். இன்றைக்கும் அதே பையன்கள் நம் வகுப்புகளில் கடைசி பெஞ்சில் இருக்கிறார்கள்.

பல பிள்ளைகள் கண்ணிலேயே படுவதில்லை. என் மகள் மூன்றாம் வகுப்பு வரை பாடத்தைக் காதால் கேட்டு மனப்பாடம் செய்து, படிப்பதுபோலவே சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தாள். அறிவு குறையை மறைக்கிறது, குறை அறிவை மறைக்கிறது. சோதித்துப் பார்த்த உளவியலாளர் அறிக்கையை விரித்துக் காட்டினார். பேச்சும் காரணம் காண்பதும் மிக உயரத்தில், பார்த்து வேகமாக எழுதுவது அடியில். எல்லாவற்றையும் சேர்த்தால் மொத்த மதிப்பெண் 'சராசரி'. அந்த ஒரு சொல்லை மட்டும் பார்த்தால், உதவியும் கிடையாது, ஊக்கமும் கிடையாது.

சரி, கண்டுபிடித்தாயிற்று. அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை இந்தப் பதிவை எழுத வைத்தது. தனி வகுப்பு வைத்தார்கள், மனதார நன்றி. ஆனால் அதை ஓவிய வகுப்பிலும் அறிவியல் மன்ற நேரத்திலும் வைத்தார்கள். கண்காட்சிக்குப் பெயர் கொடுத்தபோது, "முதல்ல எழுத்து வரட்டும்ங்க, கண்காட்சி அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றார் ஆசிரியை. நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் அந்தப் பிள்ளை நாள் முழுக்கத் தோற்கிற பள்ளியில், ஜெயிக்கிற ஒரே மணி நேரத்தையும் எடுத்துக்கொண்டோமே! இரண்டு வாரத்தில் காலையில் வயிற்றுவலி ஆரம்பித்தது.

எழுத்துப் பயிற்சி கட்டாயம் வேண்டும், பொறுமையாக, ஒலியும் எழுத்துமாக, தினமும். நான் அதை மறுக்கவே இல்லை. அறிவுக்கான தீனி அது முடியும்வரை காத்திருக்கக் கூடாது, இரண்டும் கூடவே நடக்க வேண்டும் என்கிறேன். எழுத்தில் தடுமாறுகிறாள் என்பதற்காக நிலாவைப் பற்றிய பாடத்தையும் ஒன்றாம் வகுப்பு அளவுக்கு இறக்கிக் கொடுக்காதீர்கள். போன் பாடத்தை வாசித்துக் காட்டட்டும். பதிலை வாயால் சொல்லட்டும்.

இதெல்லாம் சலுகை என்று கூசுகிறவர்களுக்கு: 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் கற்றல் குறைபாடும் ஒன்று. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அது இல்லை. நம் மாநிலப் பொதுத்தேர்வில், சான்றிதழ் இருந்தால் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு எல்லாம் கேட்கலாம். "சான்றிதழ் வாங்கினா நாளைக்குக் கல்யாணப் பேச்சுல வருமேடி" என்கிறார் என் அக்கா. பத்தாம் வகுப்பில் அவள் உடைந்துபோவதைவிட அது பரவாயில்லை அக்கா.

தேர்வுத்தாளை எடுத்துக்கொண்டு போய், அதே கேள்விகளை வாயால் கேட்டுப் பாருங்கள் என்று வகுப்பாசிரியையிடம் கேட்டேன். பத்து நிமிடம் ஒதுக்கினார். பதினேழு வந்தது. அவரே கொஞ்ச நேரம் பேசவில்லை.

வரும் சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். தனி வகுப்பை ஓவியம், அறிவியல் மன்ற நேரங்களிலிருந்து மாற்றச் சொல்லி எழுதிக்கொடுக்கப்போகிறேன். எங்கள் பள்ளிப் பெற்றோர் யாராவது இதைப் படித்தால் கூட வாருங்கள். வேறு ஊரில் இப்படிக் கேட்டு வாங்கியவர்கள் இருந்தால், எப்படிக் கேட்டீர்கள் என்று கீழே எழுதுங்கள்.